இரண்டரைச் சுற்று வெள்ளை டேப்

முழங்கால் இரண்டிலும் மணலைக் கொட்டி அரைப்பதுபோல வலி. குழாய்க்காரன் காலையிலிருந்து ஐந்து மணி நேரம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் பொந்துக்குள் மண்டியிட்டுக் கிடந்திருந்தான். நாற்பத்தெட்டு வீட்டுக் கழிவும் வந்து சேரும் பெருங்குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. சமையல் எண்ணெய் உறைந்து, அதில் தலைமயிரும் குழந்தைகளைத் துடைத்தெறிந்த ஈரத்துணியும் பின்னி, கைத்தடிமனில் கொழுத்த வெள்ளைப் புழு மாதிரி வெளியே வந்தது. கையுறை போட்டால் பிடி கிடைக்காது. வெறுங்கையால் இழுத்தான்.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அருவருப்பு மரத்துப்போயிருக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மரத்துப்போகவே இல்லை. முப்பது வருடமாகத் தினமும் குமட்டுகிறது. வாயை இறுக்கிக்கொண்டு வேலை பார்க்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் கைகாலை மட்டும் கழுவிக்கொண்டு, அதே சட்டையோடு காதுக் கருவி நிலையத்துக்குப் போனான். சட்டைப்பையில் கைக்குட்டையில் முடிந்த அவன் மனைவியின் கருவி இருந்தது. காதுக்குள் நுழைகிற முனையில் மாட்டும் சின்ன ரப்பர் தொப்பி கிழிந்துவிட்டது. விரல்நகத்தில் பாதிகூட இருக்காது. அது இல்லாவிட்டால் கருவி காதில் நிற்காது; கருவி நிற்காவிட்டால் அவளுக்கு ஒன்றும் கேட்காது. இடது காது எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது வலது காது ஒன்றுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு மணிச் சோதனை.

அவள் சலவை ஆலைக்காரி. இருபத்திரண்டு வருடச் சேவை. முதல் பதினொரு வருடம் அழுக்கறையில் இருந்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை அவிழ்த்து, ரத்தம் தனியாக, மலம் தனியாக, என்னவென்றே தெரியாதது தனியாகப் பிரிக்கிற இடம். துணிக்குள் ஊசி இருக்கும், கட்டு இருக்கும், ஒருமுறை கால்விரல் ஒன்று இருந்தது. அங்கிருந்து தப்பித்து, சூடான உருளைகளுக்கு இடையே விரிப்பைத் தள்ளித் தேய்த்தெடுக்கும் உருளைப்பிரிவுக்கு மாறினாள். அந்த உருளைகளின் இரைச்சல்தான் அவள் காதைத் தின்றது. துணி சிக்கிக்கொண்டால் மணி அடிக்கும். அடித்த கணமே கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் துணியோடு கையும் உள்ளே போகும். அதனால் ஆலையில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். கருவி மாட்டியவர்கள் திரும்பி நிற்க வேண்டும். மேஸ்திரி பத்து முறை மணி அடிப்பார். எட்டுக்காவது கை தூக்க வேண்டும். தூக்காதவர்கள் திரும்ப அழுக்கறைக்கு.

“அங்க மறுபடி போறதுக்கு நான் பாடையில போவேன்” என்று சொல்லித்தான் அன்று காலை கருவியை அவனிடம் கொடுத்திருந்தாள். அவளுக்கு அன்று வார விடுமுறை.

நிலையத்தில் முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கன் கொடுத்தார்கள். ஓடிக்கொண்டிருந்தது பன்னிரண்டு. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கருவிப் பெண்ணிடம் போய் நின்றான். அவளுக்கு அவன் மகள் வயதிருக்கும்.

“ஒரு ரப்பர் மட்டும் வேணும்மா. எடுத்துக் குடுத்தா போயிடுவேன்.”

“எந்தக் கருவிக்குங்க ஐயா?”

எடுத்துக் காட்டினான். அவள் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“எல்லா ரப்பரும் ஒண்ணு கிடையாதுங்க. கம்பெனிக்குக் கம்பெனி கழுத்து மாறும். கருவி நம்பர் பாக்கணும், காது அளவு அட்டை எடுக்கணும். உக்காருங்க, கூப்பிடுறேன்.”

உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணி கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய்ச் சுவரோரமாக நின்றுகொண்டாள். எதிரே ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். வைத்ததை மறைக்க இருமினார். மூன்றாவதாக ஒரு பெரியவர், நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும், மெதுவாகச் சொன்னார்: “ஜன்னலக் கொஞ்சம் தொறந்து வைங்கம்மா. காத்து வரட்டும்.”

இவர்கள் வீட்டிலிருந்து வருவதைத்தான் காலையிலிருந்து கையால் இழுத்தேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது அவனுக்கு. டோக்கனைக் கசக்கி நாற்காலியிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தான். அப்போது பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு தெரு தள்ளி, செல்போன் உறை விற்கிற பெட்டிக்கடை ஒன்றில் கேட்டான். கடைக்காரன் ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டான். பத்து ரப்பர், மூன்று அளவு.

“இது இந்தக் கருவிக்குச் சேருமா?”

“எல்லாத்துக்கும் சேரும் தலைவரே. காது என்ன, ஆளுக்கு ஒரு டிசைன்லயா இருக்கு?”

அந்தப் பேச்சு குழாய்க்காரனுக்கு அப்போது ரொம்ப நியாயமாகப் பட்டது.

வீட்டில் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். சமையல் மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கருவியின் முனையில் குறும்பி அப்பியிருந்தது. பழுப்பு, கொஞ்சம் கறுப்பு, நடுவில் ஒரு மயிர். காலையில் அந்தக் கொழுப்புப் புழுவை இழுத்தவனுக்கு, இருபத்தேழு வருடம் கூடப் படுத்தவளின் காதழுக்கைப் பார்க்கப் பொறுக்கவில்லை. முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு துணியால் துடைத்தான்.

ரப்பர் ஏறியது. லேசாக இழுத்தான், கையோடு வந்துவிட்டது. நடு அளவைப் போட்டான், அதுவும் வந்தது. கிழிந்த பழையதை எடுத்து விரலால் தடவிப் பார்த்தால், கழுத்துக்குள் மயிரிழை அளவுக்கு ஒரு வரம்பு ஓடியது. புதியதில் அது இல்லை, மொழுக்கென்று இருந்தது. மரை மாறிய நட்டைப் போல. இன்னொரு குழாய்க்காரன் மரை மாறிய நட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பான். ஆனால் பத்து மணிக்குச் சோதனை. திரும்ப அந்த நாற்காலிக்குப் போகவேண்டும் என்று நினைத்தாலே உடம்பு கூசியது.

தன் வேலைப்பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்தான். குழாய் மரையில் தண்ணீர் கசியாமல் இருக்கச் சுற்றுகிற அதே டேப். பிளேடால் நூல் அகலத்துக்குக் கீறி, கருவியின் முனையில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி, அதன்மேல் ரப்பரை ஏற்றினான். இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான், வரவில்லை. அவன் கைபட்டு ஒழுகியது இதுவரை எதுவும் இல்லை.

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அவன் மேசையில் கரண்டியால் தட்டும்வரை காத்திருந்தாள். கேட்டதும் சிரித்தாள்.

“அங்கயே போட்டுக் குடுத்தாங்களா?”

“ஆமா. அந்தப் பொண்ணே போட்டுக் குடுத்தா.”

எதற்குச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. வாயில் வந்தது, சொல்லிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது, தெருவிலிருந்தே வாடை முன்னால் வந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தைய வாடை. சட்டென்று அவனுக்கு விளங்கிவிட்டது. காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். முதல் ஆறு மணியும் கணீரென்று கேட்டதாம். ஏழாவதுக்குக் காத்துக்கொண்டே நின்றாளாம். யாரோ பானையை மூடினாற்போல உலகம் அடைத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் மேஸ்திரி மணியைக் கீழே வைத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“கருவியக் கழட்டிப் பாத்தா மொட்டையா இருக்கு, ரப்பர் இல்ல. தரையெல்லாம் தேடுனேன். கருவி கோளாறு, என் காது கோளாறு இல்லன்னு சொன்னேன். அப்படின்னா நிலையத்துல எழுதி வாங்கிட்டு வா, அடுத்த மாசச் சோதனையில சேத்துக்கறேன், அதுவரைக்கும் அழுக்கறைக்குப் போன்னுட்டாரு அந்த ஆளு. நீங்களே போய் அந்தப் பொண்ணுகிட்ட எழுதி வாங்கிட்டு வந்துடுங்க. அவ போட்ட ரப்பர்தானே.”

அவன் பெட்டிக்கடைப் பாக்கெட்டிலிருந்து இன்னொரு ரப்பரை எடுத்து, இந்தமுறை மூன்றரைச் சுற்றுச் சுற்றி மாட்டிக் கொடுத்தான். முதல் ரப்பர் எங்கே போயிருக்கும் என்று யோசித்தான். ஆலைத் தரையில் விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டாவது ரப்பரும் மூன்றாம் நாள் காணாமல் போயிற்று. “கெடக்கட்டும் போங்க. அழுக்கறையில கேக்கறதுக்கு என்ன இருக்கு” என்று அவள் கருவியைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள்.

அவளுடைய அடுத்த விடுமுறை நாளன்று, தானே போய் எழுதி வாங்கி வருவதாகச் சைகையில் சொல்லிவிட்டுக் கிளம்பினான். நிலையம் இருந்த தெருமுனைவரை போனான். ஒரு டீ குடித்தான். திரும்பி வந்து விரலால் சைகை காட்டினான், அடுத்த வாரம் வரச் சொல்கிறார்கள் என்று.

நாற்றம் ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

முதலில் சொன்னது மகள். அவள் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறாள், வாய் கொஞ்சம் நீளம். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தாள்.

“அப்பா, இன்னிக்கு எந்தக் கட்டடத்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?”

“குளிச்சாச்சும்மா.”

“தண்ணியிலயா?”

மறுபடி குளித்தான். பிரஷ் போட்டு நகக்கண்ணைத் தேய்த்தான். மூன்றாம் தடவை குளித்துவிட்டுப் படுத்தபோதும் நாற்றம் இருந்தது. விளக்கணைந்த அறையில் மல்லாந்து கிடந்து மோந்து பார்த்தான். நாற்றம் என்றால் அவனை விடத் தெரிந்தவன் யாரும் கிடையாது. உறைந்த எண்ணெய் ஒருவிதம். மலம் ஒருவிதம். குழாய்க்குள் செத்த எலி ஒருவிதம். இது எதிலும் சேராது. இனிப்பும் புளிப்புமாக, மூக்கின் அடியில் ஒட்டிக்கொள்கிற வாடை.

மனைவி மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். வலது காது மேலே வந்தது. வாடை அங்கிருந்துதான் வந்தது.

காலையில் அவள் தலையணையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை இருந்தது. சீழ். ஓரங்கள் காய்ந்து மொடமொடத்துக் கிடந்தன. அவள் அதற்குமேல் ஒரு துண்டை விரித்து மறைத்தாள். அவன் பார்ப்பதைப் பார்த்ததும், “அழுக்கறை கைய வச்சுக் காதச் சொறிஞ்சிட்டேன் போலருக்கு. அதான் புண்ணு” என்றாள், தப்பு தன்னுடையதுபோல. அவன் சமையலறைக்குப் போய்க் குழாயடியில் நின்றான். இரண்டரையும் மூன்றரையும் ஆறு. ஆறு சுற்று டேப் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தான். அவள் மேல் அருவருப்பா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க அவன் தயாராக இல்லை.

இரண்டாவது விடுமுறை நாளன்று அவள் அவனைக் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவளே கிளம்பினாள். இவன் பின்னாலேயே போனான்.

கருவிப் பெண் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து காது டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் மெல்லிய இடுக்கியை விட்டார். மனைவி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, ஒரு சத்தம் போடவில்லை. ஒரு ரப்பர் வந்தது. பின்னாலேயே இன்னொன்று, கறுத்து, வழவழத்து. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு டேப் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. சீழில் ஊறித் தடித்து, வெள்ளையாக, நெளிந்து நெளிந்து.

குழாய்க்காரன் அறை மூலையில் இருந்த குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

டாக்டர் சொட்டுமருந்து எழுதிக் கொடுத்தார். பத்து நாள் காதில் எதுவும் மாட்டக் கூடாது என்று சைகையால் காட்டிவிட்டுப் போனார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைக் காகிதத்தின் மேல் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு கருவிப் பெண்ணைப் பார்த்தாள்.

“ஏம்மா, படிச்ச பொண்ணுதானே நீ? உன்ன நம்பித்தானே இவர அனுப்புனேன். என்னத்தச் சுத்திக் குடுத்த? அழுக்கறையில கெடக்கறேன்டி உன்னால, பன்னெண்டு நாளா. பீத்துணி பிரிக்கறேன். உன் கைய அதுல ஒரு நாள் வைப்பியா?”

அந்தக் குரலுக்குக் கதவு நிற்காது. வெளியே காத்திருந்தவர்களின் பேச்சு அடங்கிப்போனது.

கருவிப் பெண்ணின் கண் கலங்கியது. ஆனாலும் பதிவேட்டைப் புரட்டினாள், ஒரு பக்கம், இன்னொரு பக்கம். பிறகு குழாய்க்காரனைப் பார்த்தாள்.

“உங்கள எனக்கு ஞாபகம் இருக்குங்க. டோக்கன் வாங்கிட்டு எழுந்து போயிட்டீங்க. இது இங்க குடுத்த ரப்பர் இல்ல.”

மனைவிக்கு அது கேட்கவில்லை. உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றா? என்ன சொல்றா?”

பெண் இழுப்பறையைத் திறந்து ஒரு தட்டை எடுத்தாள். சின்னச் சின்னக் குழிகள், குழிக்கு ஒரு வகை ரப்பர். ஐந்து வகையில் ஒவ்வொன்றை எடுத்து மேசையில் வைத்தாள். கருவியையும் பக்கத்தில் வைத்தாள்.

“இதுல எதுன்னு நீங்களே பாருங்க.”

கண்ணுக்கு ஐந்தும் ஒன்றுபோல இருந்தன. அவன் ஒவ்வொன்றாக விரல்நுனியில் உருட்டினான். மூன்றாவதில் அந்த வரம்பு தட்டுப்பட்டது. கருவியில் ஏற்றினான். டக்கென்று உள்ளுக்குள் பிடித்தது. இழுத்தான். முறுக்கி இழுத்தான். அசையவில்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“அதேதான்” என்றாள் பெண். “அன்னிக்கும் இவ்வளவுதாங்க வேல.”

அவனுக்குத் தரையில் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்ப வேண்டியது தன்னைத்தான்.

“ஆலைக்குக் கடிதம் எழுதித் தர்றேன்” என்று அவள் தொடர்ந்தாள். “காது கேக்குது, தப்பான பாகம் போட்டதால அடைச்சிடுச்சுன்னு எழுதலாம். திரும்பச் சோதன வைப்பாங்க. ஆனா அந்தப் பாகம் எங்கிருந்து வந்துச்சு, யார் போட்டாங்கன்னும் எழுதணும். உங்க வீட்டம்மா அது தெரிஞ்சு கையெழுத்துப் போடணும். இப்ப இங்க குடுத்ததுன்னுதான் நெனச்சிட்டிருக்காங்க. நான் பொய் எழுத மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க.”

“எழுதிக் காட்டுறேன்” என்றான் அவன். பேனாவை எடுத்தான்.

மனைவி காகிதத்தைத் தள்ளிவிட்டாள். “கண்ணாடி வீட்டுல இருக்கு. வாயத் தொறந்து சொல்லுங்க.”

அவள் வலது காதுப் பக்கம் குனிந்தான். மருந்தும் சீழும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை.

“நான்தான் சுத்துனேன்.”

“என்ன?”

“நான்தான். டேப்பு. நான்தான் சுத்துனேன்.”

“கேக்கலங்க. சத்தமாச் சொல்லுங்க.”

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே நாற்காலிகளில் சுத்தமான சட்டைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று ஜன்னலைத் திறக்கச் சொன்ன பெரியவர்கூட இருந்தாரோ என்னவோ. குழாய்க்காரன் பொந்துக்குள்ளிருந்து மேலே நிற்பவனைக் கூப்பிடுகிற குரலில் கத்தினான்.

“இங்க வாங்கல. என் சட்ட நாத்தத்துக்கு எல்லாரும் மூக்கப் பொத்துனாங்க, எழுந்து போயிட்டேன். பெட்டிக்கடையில வாங்கினேன். சேரல. பைப்புக்குச் சுத்துற டேப்ப உன் காதுக்குச் சுத்தினேன். ரெண்டு தடவ. இந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. போன வாரமும் நான் இங்க வரல. பொய் சொன்னேன்.”

கடைசி வார்த்தை சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவளுக்குக் கேட்டுவிட்டது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. காகிதத்தின் மேல் கிடந்த டேப்பை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கருவிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பாப் பேசிட்டேன் கண்ணு. மனசுல வச்சுக்காத” என்றாள். கடிதத்தில் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். புது ரப்பர் மாட்டிய கருவியைப் பெட்டியோடு வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் கை நீட்டியிருந்தான், அதில் தரவில்லை.

தெருவில் பத்தடி முன்னால் நடந்தாள். முழங்கால் வலியோடு இவன் பின்னால் நடந்தான். திருப்பத்தில் நின்றாள்.

“நாத்தம்னா ஓடிப்போயிடுவியா நீ?” என்றாள். கல்யாணமானதிலிருந்து அவனை நீ என்று கூப்பிட்டதில்லை. “அழுக்கறையில இருந்து நான் ஓடுனேனா? எழுந்து போக எனக்கும் காலு இருக்கு.”

சொன்னாலும் கேட்காது என்று தெரிந்தும் அவன் என்னவோ சொன்னான். அவள் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடிதத்தை மேஸ்திரி வாங்கிக்கொண்டார். மாதச் சோதனைக்கு இன்னும் பத்து வேலைநாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அவள் அழுக்கறைக்குப் போனாள். சாயங்காலம் வந்ததும், ஏப்ரனைக் கழற்றி அவன் முன்னால் தரையில் போடுவாள். ரத்தம் தோய்ந்தது, மலம் தோய்ந்தது, என்னவென்றே தெரியாதது. அவன் எடுத்துக்கொண்டு போய்த் துவைப்பான். குமட்டும். வாயை இறுக்கிக்கொண்டு துவைப்பான். மகள் இதைப் பற்றி ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

பதினோராம் நாள் சோதனையில் பத்துக்குப் பத்து. உருளைப்பிரிவுக்குத் திரும்பிவிட்டாள். அன்று சாயங்காலம் கருவியோடு சமையல் மேசையில் உட்கார்ந்திருந்தவளிடம் அவன் மெல்ல ஆரம்பித்தான்.

“இனிமே ரப்பர் மாத்தணும்னா நானே அங்க போய் உக்காந்து...”

“கேக்குது, மெதுவாப் பேசு” என்றாள் அவள். “பன்னெண்டு நாளு முன்னாடி, பத்து நாளு பின்னாடி. அத எப்படித் தரப் போற?”

அழுக்கறையில் இருபத்திரண்டு நாள். அவன் அவளுக்குத் தர வேண்டியது அது. இன்னும் தரவில்லை.